காதல் பாட்டும் கூட்டுக் கொலையும்

சிதம்பரத்தில் உயர்நிலைப் பள்ளியில் பத்தாவது வகுப்புப் படிக்கும் ஒரு மாணவர் நமக்கு ஒரு கட்டுரை அனுப்பியிருக்கிறார். பள்ளியில் "கூட்டு முயற்சி" என்னும் தலைப்பில் எழுதச் சொன்னார்களாம். இவர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்த உபாத்தியாயர், தலைப்புக்குச் சம்பந்தமில்லாததெல்லாம் இதில் இருக்கிறதென்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அதையே உறையில் போட்டு, "இதில் எது சம்பந்தமில்லாதது என்பதைத் தாங்களாவது சொல்ல வேண்டும்" என்று நமக்கு எழுதிவிட்டார். கட்டுரை முழுவதையும் வெளியிட இடமில்லை. பையனுடைய பெயரையோ, பள்ளியின் பெயரையோ வெளியிடுவதும் உசிதமல்ல. அவர் இன்னும் அங்குதான் பரீட்சை எழுதியாக வேண்டும். ஆனால் அவர் கேட்டிருக்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

மற்றப் பிள்ளைகள் எழுதுவதைப் போலவேதான் ஆரம்பிக்கிறார். தேர் இழுப்பதைச் சொல்லுகிறார். கடலூர் தேவனாம்பட்டினத்துக் கரையில் வலை இழுப்பதைச் சொல்லுகிறார். ஒருவனால் ஆகாத காரியம் இருபது பேர் ஒரு கயிற்றைப் பிடித்தால் ஆகிவிடுகிறது என்கிறார். இதுவரையில் உபாத்தியாயருக்கு ஆட்சேபணை இருந்திருக்காது. மூன்றாவது பக்கத்தில்தான் கேட்கிறார்: "விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் ஒரு புருஷனையும் பெண்சாதியையும் ஊரார் பலர் சேர்ந்து கொன்றார்களே, அதுவும் கூட்டு முயற்சிதானே? அதற்கு எத்தனை மார்க்கு?"

அவர் குறிப்பிடும் சங்கதி வாசகர்கள் பலர் அறிந்ததேயானாலும், இருபது வருஷத்திற்கு மேலாகிவிட்டபடியால் இளைஞர்களுக்காக ஒரு முறை சொல்லி வைக்கிறோம். விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டைக் கிராமத்து விவகாரம் இது. முருகேசன் ஆதிதிராவிடர், இஞ்சினீயரிங் படித்தவர். கண்ணகி வன்னியர் வீட்டுப் பெண், வணிகவியல் படித்தவர். இருவரும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். ஒருவரையொருவர் விரும்பி, 2003-ம் வருஷம் மே மாதம் 5-ந் தேதி கடலூரில் சட்டப்படி கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டார்கள். ஊருக்குப் பயந்து அதை வெளியில் சொல்லாமல் அவரவர் வீட்டிலேயே இருந்தார்கள். பிறகு வெளியேறினார்கள். பெண்ணைச் சேர்ந்தவர்கள் முருகேசனின் உறவினர் ஒருவரைப் பிடித்து வதைத்து, இருவரும் இருக்குமிடத்தைத் தெரிந்துகொண்டு, ஜூலை மாதம் 8-ந் தேதி இருவரையும் ஊர்ச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய், காதிலும் மூக்கிலும் விஷத்தை ஊற்றிக் கொன்று, பிணங்களைத் தனித்தனியே எரித்துவிட்டார்கள். செத்த பிறகும் சேர்ந்து எரியக்கூடாதென்பது ஜாதியின் கட்டளைபோலும்!

அதற்குப் பிறகு போலீசார் செய்த காரியம் கொலையைவிடக் குறைந்ததென்று நாம் சொல்ல மாட்டோம். புகாரை வாங்க மறுத்தார்கள். பத்திரிகைகளில் வந்த பிறகு வழக்கு எழுதினார்கள்; அதிலும், பெண்ணைப் பெண் வீட்டார் கொன்றார்கள், பையனைப் பையன் வீட்டார் கொன்றார்கள் என்று கதை கட்டி, பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்தாரையும் கைது செய்தார்கள். 2004-ல் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ. வசம் ஒப்புவித்த பின்புதான் உண்மை வெளியாயிற்று. கடலூர்க் கோர்ட்டில் 15 பேர் பேரில் நடந்த வழக்கில் 13 பேர் குற்றவாளிகள் என்று 2021-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 24-ந் தேதி தீர்ப்பாயிற்று. பெண்ணின் அண்ணனுக்குத் தூக்குத் தண்டனை. தகப்பனார் உட்பட மற்றப் பன்னிரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை. அந்தப் பன்னிரண்டு பேரில் வழக்கைத் திரித்த இன்ஸ்பெக்டரும் சப் இன்ஸ்பெக்டரும் சேர்ந்தவர்கள். 2022-ல் உயர்நீதிமன்றம் தூக்கை ஆயுளாக மாற்றிற்று. 2025-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 28-ந் தேதி உச்சநீதிமன்றம் அப்பீல்களைத் தள்ளிவிட்டது.

இப்போது மாணவரின் கேள்விக்கு வருவோம். கூட்டு முயற்சியா என்றால், ஆம், சந்தேகமே இல்லை. தேடிப் பிடிக்க ஆள் வேண்டும்; கொண்டுவர ஆள் வேண்டும்; விஷத்துக்கும் விறகுக்கும் ஆள் வேண்டும்; கண்ணால் கண்டும் காணாததுபோல் இருக்க ஓர் ஊரே வேண்டும்; எல்லாம் முடிந்த பிறகு எழுதவேண்டியதை எழுதாமல் வேறொன்றை எழுத ஸ்டேஷனிலும் ஆள் வேண்டும். ஒரு அண்ணனின் ஆத்திரம் என்று இதைச் சொல்லுகிறவர்கள் நம்மை ஏமாற்றுகிறார்கள். ஆத்திரப்பட்டவன் கையில் அகப்பட்டதை எடுத்து அடிப்பான். ஆத்திரம் ஆட்களைச் சேர்த்து, வேலையைப் பங்கு போட்டு, சுடுகாடு வரையில் நடத்திக்கொண்டு போகாது.

நம் தோழர்கள் ஒரு வாசகசாலையோ, கூட்டுறவுச் சங்கமோ வைப்பதற்குப் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கப் படும் பாடு நமக்குத் தெரியும். மூன்று மாதம் அலைந்தால் ஏழு பேர் சேருவார்கள். சந்தா என்றதும் அதில் நாலு பேருக்கு ஊரில் சோலி வந்துவிடும். ஆனால் கொலைக்கு மாத்திரம் நோட்டீசும் இல்லாமல், தலைவரும் இல்லாமல் ஒரே நாளில் கோரம் சேர்ந்துவிடுகிறது. ஏனென்றால் அந்தச் சங்கம் முன்னமே அமைந்திருக்கிறது. பிறந்த அன்றே அதில் அங்கத்தினர் ஆகிவிடுகிறோம். சந்தாவைக் கல்யாணத்தில் வாங்கிக்கொள்கிறார்கள். அந்தச் சங்கத்துக்குப் பெயர்தான் ஜாதி. மற்ற எந்தக் காரியத்திலும் சேராத கைகள் இந்த ஒன்றில் சேருவதன் ரகசியம் அவ்வளவுதான்.

நிற்க. மாணவரின் கட்டுரையில் உபாத்தியாயருக்குக் கோபம் வந்த இடம் இதுவல்ல, அடுத்தது என்றே நினைக்கிறோம். அவர் தம்முடைய தமிழ்ப் பாடத்தையே எடுத்துக்கொண்டு கேள்வி கேட்கிறார். வகுப்பில் அகப்பாட்டு நடத்துகிறார்கள். ஒருவரும் அறியாமல் காதலிப்பதற்குக் "களவு" என்று பெயர். திருட்டு என்று பொருள்படும் சொல்லை வைத்துவிட்டு அதைக் குற்றமென்று சொல்லவில்லை, ஒழுக்கம் என்றே சொல்லியிருக்கிறார்கள். பெற்றோருக்குத் தெரியாமல் இருவரும் புறப்பட்டுப் போவதற்கு "உடன்போக்கு" என்று பெயர். தோழி துணை நிற்கிறாள். செவிலிக்குச் செய்தி சொல்லுகிறாள். அதற்கு "அறத்தொடு நிற்றல்" என்று பெயர். "இதுவும் கூட்டு முயற்சிதான், ஆனால் இது பரீட்சைக்கு வருகிறது. புதுக்கூரைப்பேட்டை மாத்திரம் ஏன் வரக்கூடாது?" என்கிறார். இன்னொன்றும் சொல்லுகிறார். அகப்பாட்டில் தலைவன் பெயரும் தலைவி பெயரும் சொல்லக்கூடாதென்பது விதியாம். "பெயர் சொன்னால் ஜாதி தெரிந்துவிடும் என்பதற்காக இருக்குமோ?" என்று கேட்கிறார்.

அந்த விதிக்குக் காரணம் அதுவல்ல. ஆனாலும் பையனுடைய குறும்பில் உண்மை இருக்கிறது. பெயரில்லாதவரையில் எல்லாக் காதலையும் எல்லோரும் ரசிக்கலாம். பெயரும் தெருவும் தெரிந்த பிறகல்லவா ரசிகர்களின் யோக்கியதை தெரியும்! குறுந்தொகையின் நானூற்றொரு பாட்டையும் மேடையேறி வியாக்கியானம் செய்யும் புலவர் தம் வீட்டுப் பெண்ணின் உடன்போக்குக்கு என்ன துறை வகுப்பார் என்பதை அவரையே கேட்டுப் பார்க்கலாம்.

அதற்காக, பழந்தமிழர் ஜாதியறியாது காதலித்தார்கள் என்று நம் தோழர்களில் சிலர் மார்தட்டுவதையும் நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்கவேண்டிய பத்துப் பொருத்தங்களைச் சொல்லும் தொல்காப்பியம் அதில் முதலாவதாக வைப்பது பிறப்பு. அடிமைகளும் ஏவல் வேலை செய்பவர்களும் அன்பின் ஐந்திணைக்கு உரியவர்களல்ல, அவர்களுடைய காதல் கைக்கிளைக்கும் பெருந்திணைக்குமே உரியது என்பதும் அந்த இலக்கணத்தின் கருத்துத்தான். உழைப்பவன் காதலுக்கு வெளியிடம் ஒதுக்கிய வழக்கம் அவ்வளவு பழையது. பழையதாக இருப்பதால் அது நமக்கு வேண்டியதாகிவிடாது.

இது ஒருபுறமிருக்க, சாமிகள் சமாசாரத்தையும் மாணவர் விட்டுவைக்கவில்லை. சிதம்பரத்துப் பிள்ளையல்லவா! தில்லை நடராஜனைப் பாட்டுடைத் தலைவனாக வைத்து மாணிக்கவாசகர் பாடிய திருக்கோவையாரில் 400 பாட்டுக்கள். அத்தனையும் காதல் துறைகள். அதிலும் உடன்போக்கு உண்டு. அதைப் பக்தி என்கிறார்கள். முருகன் வேடர் வீட்டு வள்ளியைத் திருட்டுத்தனமாகக் கொண்டுபோனான் என்று புராணம் சொல்லுகிறது. அதை வருஷா வருஷம் கல்யாண உற்சவமாக நடத்துகிறார்கள். அந்த முருகனின் பெயரையே வைத்துக்கொண்ட ஒரு படித்த பையன், திருட்டுத்தனமில்லாமல், சர்க்கார் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்ததற்குக் காதில் விஷமா? ஊரை எரித்ததற்காகக் கண்ணகிக்குக் கோயில் கட்டிய நாட்டில், கண்ணகி என்று பெயர் வைத்து வளர்த்த பெண்ணை ஊர் எரிக்கிறதா? சிலப்பதிகாரத்தைப் பற்றி நம் அபிப்பிராயம் என்ன என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஆனாலும் அதைப் போற்றுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டுமல்லவா?

நெருப்பு இந்தப் பிரதேசத்துக்குப் புதிதுமல்ல. புலையர் குலத்து நந்தன் தில்லைக்குள் வரவேண்டுமானால் தீயில் மூழ்கி எழுந்து வரவேண்டுமென்று ஆண்டவனே கட்டளையிட்டதாகப் பெரிய புராணம் சொல்லுகிறது. மூழ்கியவர் பூணூலோடு எழுந்தார் என்பது கதை. தாழ்ந்தவன் உள்ளே வர வழி நெருப்பு ஒன்றுதான் என்று பல நூறு வருஷங்களாகப் பாட்டாகவும் கதாகாலட்சேபமாகவும் கேட்டு, கண்ணீர் விட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்ட ஜனங்களுக்கு, சுடுகாட்டில் இரண்டு பேர் எரிந்தது எப்படி விபரீதமாகத் தோன்றும்?

சினிமாப் பாட்டுக்கள்தான் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று உபாத்தியாயர் சொன்னதாகவும், அது சரியா என்றும் மாணவர் கேட்கிறார். காதல் பாட்டுக் கேட்டவன் காதலிக்கலாம், அல்லது தூங்கிப் போகலாம். கொலை செய்ய வேண்டுமானால் ஜாதிப் பாட்டுக் கேட்டிருக்க வேண்டும். வட ஜில்லாக்களில் 2012-ஐ ஒட்டி "நாடகக் காதல்" என்று ஒரு வார்த்தையைக் கிளப்பிவிட்டார்கள். ஆதிதிராவிடப் பையன் காதலித்தால் அது நடிப்பாம், பணத்துக்காகவாம்! பெண்ணுக்குப் புத்தியே கிடையாது, யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவாள் என்ற எண்ணம் இல்லாதவன் இந்த வார்த்தையைச் சொல்லவே முடியாது. ஆகவே இது பையனை மாத்திரமல்ல, தம் ஜாதிப் பெண்கள் அத்தனை பேரையும் இழிவுபடுத்தும் வார்த்தை. அப்படியிருந்தும் அந்தப் பெண்களின் மானத்தைக் காப்பதற்கென்றே இதைச் சொல்லுவதாக மேடையில் பேசுகிறார்கள்.

மானம் என்றும் கௌரவம் என்றும் சொல்லப்படுவதையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இக்கொலைகளைக் "கௌரவக் கொலை" என்று எழுதிவந்த பத்திரிகைகள் பல இப்போது "ஆணவக் கொலை" என்று எழுதுவது நல்ல மாறுதல். நமக்கும் மரியாதை என்ற வார்த்தையின் மேல் ஆசை உண்டு. இயக்கத்துக்கே அதைப் பெயராக வைத்திருக்கிறோம். ஆனால் நாம் சொல்லும் மரியாதை ஒருவன் தன் அறிவையும் நடத்தையையும் கொண்டு தனக்குத் தானே தேடிக்கொள்வது. அவர்கள் சொல்லும் கௌரவமோ, தன் வீட்டுப் பெண்ணின் உடம்பில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியைத் தெருவாரிடம் கொடுத்து வைப்பது. அதனால்தான் தெருவார் கேட்கும்போதெல்லாம் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. சுயமரியாதைக் கல்யாணம் 1967-ல் சட்டசபையில் சட்டமாகி 1968-ல் அமலுக்கு வந்தது. அதை ஊரறியப் பகிரங்கமாகத்தான் செய்யவேண்டும் என்பதில்லை, பயத்தினால் மறைவாகச் செய்தாலும் செல்லும் என்று 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. வயது வந்தவர்கள் தாம் விரும்பியவரை மணக்கலாம், அவர்களைத் துன்புறுத்துவோரைத் தண்டிக்க வேண்டும் என்று 2006-லும், காவல் ஏற்பாடு செய்யவேண்டுமென்று 2018-லும் தீர்ப்புக்கள் வந்தன. இவைகளுக்கு நடுவில்தான் 2015-ல் கோகுல்ராஜும், 2016-ல் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டு அருகே பட்டப்பகலில் சங்கரும் கொல்லப்பட்டார்கள். தனிச் சட்டம் வேண்டுமென்பதே நம் கட்சி. ஆனால் புதுக்கூரைப்பேட்டையில் சட்டம் இல்லாமல் போகவில்லை. சட்டத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் ஜாதிச் சங்கத்துக்கும் அங்கத்தினராக இருந்தார்கள். புகாரை எழுத மறுக்கும் அதிகாரியை அன்றே தண்டிக்க வழியில்லாத சட்டம் எத்தனை வந்தாலும் பதினெட்டு வருஷ வழக்குத்தான்.

கடைசியாக மாணவர் கேட்பது: "அத்தனை பேரில் ஒருவர்கூடக் கயிற்றை விடவில்லையே, ஏன்?" இதற்கு நம்மிடம் சுலபமான பதில் இல்லை. விசாரணையில் சாட்சிகள் பலர் சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். கொலையுண்ட முருகேசனின் சிற்றன்னை மாற்றவில்லை. அந்த அம்மாளின் சாட்சியத்தை நம்பத்தக்கது என்று உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஊரைப் பகைத்துக்கொண்டு ஒரு ஏழை அம்மாள் வருஷக் கணக்கில் கோர்ட்டுப் படி ஏறினார் என்பதையும், அவர் பக்கம் நின்று வழக்கறிஞர்களும் சில தோழர்களும் உழைத்தார்கள் என்பதையும் மாணவர் தம் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளலாம். தலைப்புக்குச் சம்பந்தமில்லை என்று எந்த உபாத்தியாயரும் சொல்ல முடியாது.

கட்டுரையை அவருக்கே திருப்பி அனுப்பிவிட்டோம். சம்பந்தமில்லாதது என்று அடிக்க வேண்டிய வரி ஒன்றையும் நாம் காணவில்லை. ஒரே ஒரு பிழையைத் திருத்தியிருக்கிறோம். கடலூர்க் கோர்ட்டுத் தீர்ப்பு வந்த வருஷத்தை அவர் 2012 என்று எழுதியிருந்தார். அதை 2021 ஆக்கியிருக்கிறோம். அவ்வளவு காலம் ஆகியிருக்காதென்று நினைத்துவிட்டார்போலும்.