வெளியான பதிப்பில் கை வைக்கலாமா?

மென்பொருளாயினும் எழுத்துக் குறிமுறையாயினும், ஓர் எண்ணிட்டு வெளியே விட்ட பின் அதில் மாற்றம் செய்யலாகாது என்பதே என் கட்சி. "பிழை என்று தெரிந்தும் விட்டுவைப்பதா?" என்று இளைஞர்கள் சீறுவார்கள். திருத்தட்டும், ஆனால் அடுத்த எண்ணில் திருத்தட்டும். பத்திரிகைக்காரனுக்கு இது புதிதல்ல. அச்சேறிப் போன இதழை வீடு வீடாகச் சென்று திருத்த முடியாது. மறுநாள் திருத்தம் போடுவோம்.

தமிழிலேயே இதற்குச் சான்று உண்டு. தொண்ணூறுகளின் இறுதியில் இணையத் தமிழர்கள் கூடி உருவாக்கிய திஸ்கி குறிமுறையை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதன் 1.6 பதிப்பில் 'இ' எழுத்துக்கு 173ஆம் இடம். ஆங்கிலக் குறிமுறையிலோ அந்த இடம் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறுகோட்டுக்கு உரியது. விளைவு, சில செயலிகள் 'இ'யை விழுங்கின. 'இலங்கை' வெறும் 'லங்கை'யாயிற்று! 1.7 பதிப்பில் 'இ' 254ஆம் இடத்துக்குக் குடிபெயர்ந்தது. பதிப்பெண் மாறியதால், பழைய மடல் எந்த முறையில் எழுதப்பட்டது என்று அறிந்து மாற்றிப் படிக்க வழியிருந்தது. 1.6 என்ற பெயரிலேயே சத்தமின்றி மாற்றியிருந்தால், ஒரே பெயரில் இரண்டு தமிழ் உலவியிருக்கும்.

யுனிகோட்காரர்கள் இந்தப் பாடத்தைக் கொரிய மொழியிடம் படித்தார்கள். 1996இல் 2.0 பதிப்பில் கொரிய எழுத்துகளை இடம் மாற்றினார்கள். பழைய கோப்புகள் பாழாயின. அதன்பின் எந்த எழுத்தையும் நகர்த்துவதில்லை, நீக்குவதில்லை என்று உறுதி பூண்டார்கள். பெயரைக்கூட மாற்றுவதில்லை. நம் ஆய்தத்துக்கு அங்கே 'விசர்க்கம்' என்று பெயர். அபத்தம்தான். பக்கத்தில் 'ஆய்தம்' என்று ஒரு குறிப்பு போட்டதோடு சரி.

உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தராத யுனிகோட் மீது தமிழறிஞர்களுக்கு நியாயமான மனக்குறை உண்டு. இந்திய அரசின் இஸ்கி அமைப்பைப் பின்பற்றியதால் வந்த வினை அது. தமிழ்நாடு அரசு 2010இல் யுனிகோடை ஏற்றபோது, தனியிடம் தரும் டேஸ்-16 முறையையும் மாற்றாக ஏற்றது. ஆனால் யுனிகோட் அட்டவணையையே கலைத்து அடுக்கக் கோரியவர்களோடு என்னால் ஒத்துப்போக இயலவில்லை. இன்று நறுவிலிக்குளத்தில் ஒருவர் பழைய கைபேசியில் தட்டும் செய்தியை ரொறன்ரோவில் அவர் தங்கை புதிய கைபேசியில் ஓர் எழுத்தும் பிசகாமல் வாசிக்கிறார். கலைத்திருந்தால் இருவருக்கும் இடையில் கட்டங்களும் கேள்விக்குறிகளுமே மிஞ்சியிருக்கும்.

உறைந்து நிற்பது வேறு, கைவிடப்படுவது வேறு. டெபியன் லினக்ஸ்காரர்கள் இதை அழகாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 'நிலையான' பதிப்பில் பாதுகாப்பு ஓட்டைகளையும் பெரும் பிழைகளையும் மட்டுமே அடைப்பார்கள். புதுமை செய்ய விரும்புவோருக்கு 'நிலையற்ற' பதிப்பு தனியே திறந்து கிடக்கிறது. அங்கே நாள்தோறும் உடைக்கலாம், கட்டலாம். அலுவலகக் கணினியில் அதை நிறுவிவிட்டுப் புலம்புவோரிடம் எனக்கு இரக்கமில்லை.

யுனிகோடும் அப்படியே. வரைவு நிலையில் எவரும் ஆட்சேபிக்கலாம். நம்மவர்கள் பெரும்பாலும் அப்போது உறங்கிவிட்டு, வெளியான பின் கூக்குரலிடுகிறோம். 2019இல் 12.0 பதிப்பில் தமிழின் பழைய பின்னங்களும் அளவைக் குறிகளுமாக 51 குறிகள் சேர்ந்தன. அவற்றுக்குத் தனித் தொகுதி ஒதுக்கப்பட்டது. முன்பிருந்த ஓர் எழுத்தும் இடம்பெயரவில்லை.