ஐ.நா.வில் தந்த வாக்கு: கிள்ளானில் கேட்க வேண்டிய கணக்கு

2019 ஆகஸ்டில் கடும் வறுமை தொடர்பான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் மலேசியா வந்தார். அப்போது நாட்டின் அதிகாரப்பூர்வ வறுமை விகிதம் 0.4 விழுக்காடு மட்டுமே. மாத வருமானம் 980 ரிங்கிட்டைத் தாண்டினால் அந்தக் குடும்பம் ஏழை இல்லை என்பது அன்றைய கணக்கு. அந்தப் பணத்தில் வாடகை போக என்ன மிஞ்சும் என்பது பிரிக்பீல்ட்ஸ் வாசிகளுக்குத் தெரியும்.

இந்த அளவுகோல் மக்களின் உண்மை நிலைக்குப் பொருந்தவில்லை என்றார் அல்ஸ்டன். உள்நாட்டு ஆய்வாளர்களும் அதையே சொல்லி வந்தனர். அரசாங்கம் முதலில் ஏற்கவில்லை. ஆனால் 2020 ஜூலையில் வறுமைக் கோடு 2,208 ரிங்கிட்டாக மாற்றப்பட்டது. 2019ஆம் ஆண்டின் வறுமை விகிதம் 5.6 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 405,000 குடும்பங்கள் என்று அறிவிக்கப்பட்டது. அதுவரை கணக்கில் வராதவர்கள் கேள்வி கேட்ட பிறகே கணக்கில் வந்தார்கள்.

2015 செப்டம்பரில் ஐ.நா.வின் 193 நாடுகள் 17 மேம்பாட்டு இலக்குகளை 2030க்குள் எட்டுவதாக உறுதியளித்தன. மலேசியா 2017, 2021, 2025 ஆகிய ஆண்டுகளில் தன் முன்னேற்ற அறிக்கையை ஐ.நா.வில் சமர்ப்பித்தது. ஆனால் இது தன்னார்வ அறிக்கை. இலக்கு தவறினால் தண்டனை இல்லை. வெளிநாட்டு உதவியில் ஓடும் நாடுகளில் நிதி தருவோர் கணக்குக் கேட்பார்கள். மலேசியா அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டது. இங்கே கேட்க வேண்டியவர்கள் வாக்காளர்கள்தான்.

இந்தியர்கள் கேட்க வேண்டிய இரண்டு உறுதிமொழிகள் அந்தப் பட்டியலிலேயே உள்ளன. 16.9: பிறப்புப் பதிவு உட்பட அனைவருக்கும் சட்டபூர்வ அடையாளம். தோட்டத்தில் பிறந்து பத்திரம் இல்லாமல் போனவர்களுக்கும், சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை அடைந்தவர்களுக்கும் இது நேரடியாகப் பொருந்தும். 17.18: வருமானம், இனம், வட்டாரம் வாரியான புள்ளிவிவரம். தேசிய சராசரியை மட்டும் பார்த்தால், தோட்டம் விற்கப்பட்டு கிள்ளான் அடுக்குமாடிக்கு வந்த குடும்பத்தின் நிலை தெரியாது.

மித்ராவுக்கு அண்மை வரவு செலவுத் திட்டங்களில் ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. எவ்வளவு செலவானது என்பதிலேயே விவாதம் நின்றுவிடுகிறது. எத்தனை குடும்பங்கள் வறுமைக் கோட்டைத் தாண்டின என்பதே முக்கியம்.

இந்த இலக்குகளுக்கென 2019இல் நாடாளுமன்றத்தில் அனைத்துக் கட்சிக் குழு அமைக்கப்பட்டது. அது தொகுதிகளுக்குச் சென்று மக்களின் பிரச்சினைகளைக் கேட்டறிகிறது. பொது இயக்கங்களும் ஆலய நிர்வாகங்களும் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் எழுத்து மூலம் இரண்டு எண்களைக் கேட்கலாம்: தொகுதியில் பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள் எத்தனை பேர்? கடந்த ஆண்டு எத்தனை விண்ணப்பங்களுக்கு முடிவு கிடைத்தது? பதில் வந்தால் அடுத்த ஆண்டு ஒப்பிடலாம். வராவிட்டால், தேர்தல் காலத்தில் அதையே திரும்பக் கேட்கலாம்.