நாணயத்துக்கு மார்க் போடுகிறவர்கள்

சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலை 1884இல் அச்சடித்த மார்கன் வெள்ளி டாலர், கைமாறித் தேய்ந்திருந்தால் மலிவாகக் கிடைத்துவிடும். புழக்கத்துக்கே வராதது என்று அதற்கு மார்க் கிடைத்துவிட்டாலோ, விலை பல்லாயிரம் டாலருக்குத் தாவும். அந்த மார்க்கைப் போடுகிறவர்கள் 1986இல் பணி தொடங்கிய பிசிஜிஎஸ், அடுத்த ஆண்டு வந்த என்ஜிசி போன்ற அமெரிக்க நிறுவனங்கள். அனுபவசாலிகள் சிலர் நாணயத்தைச் சில விநாடிகள் திருப்பிப் பார்த்து, 1 முதல் 70 வரை ஓர் எண்ணைச் சொல்வார்கள். பிறகு அந்த எண் அச்சிட்ட சீட்டோடு நாணயம் பிளாஸ்டிக் உறையில் அடைபடும்.

போலியைப் பிடிப்பதில் இவர்கள் செய்த நன்மை பெரிது. அதை மறுப்பவர் இல்லை. சிக்கல் எண்ணில்தான்.

அந்த 70 புள்ளி அளவுகோலே விலை சொல்லப் பிறந்தது. 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலாளர், பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக அதை வகுத்தார். 70 பெற்ற காசு, 1 பெற்ற காசைப்போல் எழுபது மடங்கு பெறும் என்பது கணக்கு. (அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு மட்டமானவற்றை வைத்தவர் அவர் என்பது பிற்பாடு தெரியவந்தது.) விலைக்கணக்கு சீக்கிரமே பொய்த்தது, எண்கள் மட்டும் தங்கிவிட்டன.

அளவுகோல் ஒரே இடத்தில் நின்றதும் இல்லை. 1979இல் தரம் சொல்லத் தொடங்கிய அனாக்ஸ் என்ற அமெரிக்க மதிப்பீட்டு அமைப்பு, எண்பதுகளின் நடுவில் பிடியை இறுக்கியது. முன்பு 65 வாங்கிய காசுகள் அதன் பிறகு அதே எண்ணைப் பெறத் திணறின. தரம் மாறாமல் சொல்கிறோம் என்ற பிசிஜிஎஸ் விளம்பரம் மிகையானது என்று 1990இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. வழக்கு சமரசத்தில் முடிந்தது.

அதன்பின் காற்று எதிர்த்திசையில் வீசியது, மார்க்குகள் ஏறத் தொடங்கின. கூடுதல் மார்க்குக்காக உறையை உடைத்து மறுபடி அனுப்புவது அமெரிக்காவில் ஒரு தொழிலாகவே ஆனது. மறுமதிப்பீட்டுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், கூடிய மார்க்கை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் எந்த மாணவன் சும்மா இருப்பான்? மதிப்பீட்டாளர் துளியும் தளராவிட்டாலும், ஒரு புள்ளி கூடியதும் நாணயம் அங்கேயே நின்றுவிடும். குறைந்தால் மீண்டும் வரிசையில் நிற்கும். ஆகவே சந்தையில் மிஞ்சுவது தாராளமான மதிப்பெண்களே. பழைய சீட்டுகளைத் திருப்பித் தராவிட்டால், எந்தத் தரத்தில் எத்தனை காசு என்று நிறுவனம் வெளியிடும் பட்டியலில் ஒரே காசு இரண்டு மூன்றாகவும் பெருகும்.

இதைச் சந்தை நன்றாகவே அறியும். அந்நாளில் மார்க் கண்டிப்பாகப் போடப்பட்டது என்று நம்பி, பிசிஜிஎஸ்ஸின் பழைய பச்சைச் சீட்டு உறைகளுக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருகிறார்கள். 2007இல் ஜான் அல்பனீஸ் சிஏசி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மற்றவர்கள் போட்ட மார்க் தகுமா என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவது அதன் வேலை. பிசிஜிஎஸ் நிறுவனர்களில் ஒருவரும் என்ஜிசியை நிறுவியவரும் இதே அல்பனீஸ்தான்! மார்க்குக்கு மார்க் போடுவதும் பிழைப்பாகிவிட்டது.

தரம் என்பது ஒரு நாளில், சிலர் சொன்ன கருத்து. அப்படியானால் அந்த நாளை ஏன் சீட்டில் அச்சிடக் கூடாது? சேகரிப்பாளர்கள் சீட்டின் நிறத்தையும் உறையின் வடிவத்தையும் வைத்து ஆண்டை ஊகிக்க வேண்டியிருக்கிறது. மதிப்பிட்ட தேதியை ஒவ்வொரு உறையிலும் பொறிப்பதை நிறுவனங்கள் வழக்கமாக்க வேண்டும். அதுவரை வாங்குகிறவர்கள் சீட்டிலுள்ள சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் சரிபார்க்கட்டும், ஏனெனில் உறையிலேயே போலி வந்துவிட்டது. பிறகு மார்க்கை மறைத்துக்கொண்டு, காசை மட்டும் உருப்பெருக்கியில் பார்த்து விலை பேசட்டும்.