பள்ளம் வெட்டிய உருளையா, வெட்டாத உருளையா?



"ஆண்டு மலருக்கு நீயும் ஏதாவது எழுதுடா" என்று மலர்க்குழு நண்பன் கேட்டபோது, காதல் கவிதைக்கு ஏற்கெனவே பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். அதனால் நான் ரிவால்வரைப் பற்றி எழுதுகிறேன். பயப்படாதீர்கள், சுடுவதைப் பற்றி அல்ல. அதன் நடுவில் சுற்றுகிற சிலிண்டரைப் பற்றி. நம்ம மெக்கானிக்கல் சமாச்சாரம்தான்.

பழைய ரிவால்வர் படங்களைப் பாருங்கள். சிலவற்றில் சிலிண்டர் மேல் நீளவாக்கில் பள்ளங்கள் இருக்கும். சிலவற்றில் வழவழவென்று வெறும் உருளை. அமெரிக்காவில் இவற்றைச் சேகரிப்பவர்கள் இந்த வித்தியாசத்தை வைத்தே விலையைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணம் உள்ள பள்ளம் நல்லது. காரணம் இல்லாத பள்ளத்தைவிட வெறும் உருளை எவ்வளவோ மேல்.

ஆறு குண்டு சிலிண்டர் ஒவ்வொரு தடவையும் 60 டிகிரி சுற்றி, டக்கென்று நிற்க வேண்டும். நிறுத்துகிற அடி முழுவதும் ஒரு சின்ன தடுப்பின் மேல் விழுகிறது. மையத்திலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் நிலைமத் திருப்புத்திறன் நான்கு மடங்கு என்று இரண்டாம் ஆண்டில் உருப்போட்டோமே, அதுதான் இங்கே வேலை செய்கிறது. வெளி விளிம்பில் உள்ள உலோகத்தை எடுத்தால் சுற்றுவதும் லேசு, நிற்பதும் லேசு. இரண்டு குண்டு அறைகளுக்கு நடுவே வெளிப்பக்கம் உலோகம் அதிகம். பள்ளத்தை அங்கேதான் வெட்டுகிறார்கள். அளவோடு வெட்டினால் அறைச்சுவர் மெலியாது. டிவைடிங் ஹெட்டில் 40-ஐ 6-ஆல் வகுத்து, ஆறு முழுச் சுற்றும் 18 துளை வட்டத்தில் 12 துளையும் நகர்த்தினால் அடுத்த பள்ளம் ரெடி.

அப்படியானால் எல்லாவற்றிலும் வெட்டிவிடலாமே? அங்கேதான் கதை இருக்கிறது.

கோல்ட் கம்பெனியின் 1851 நேவி மாடல் 0.36 அங்குல ரிவால்வர். சிலிண்டர் வெறும் உருளை. அதன் மேல் 1843-ல் டெக்சாஸ் கப்பற்படை காம்பெச்சே அருகே மெக்சிகோவோடு நடத்திய சண்டைக் காட்சியை உருட்டி அழுத்திப் பதித்தார்கள். அச்சு செதுக்கியவர் வாட்டர்மேன் ஆர்ம்ஸ்பி, ரூபாய் நோட்டு செதுக்குவதுபோல டாலர் நோட்டுக்கு அச்சு செதுக்கியவர். பள்ளம் வெட்டியிருந்தால் அந்தப் படத்துக்கு இடமே இருந்திருக்காது.

அடுத்து வந்தது 1860 ஆர்மி மாடல். நேவியின் உடலையே வைத்துக்கொண்டு 0.44 அங்குலக் குண்டு போட வேண்டும் என்று ஆசை. அதற்காக சிலிண்டரின் முன்பாதியைப் பெரிதாக்கினார்கள். துளையும் பெரிது, எடையும் குறைய வேண்டும் என்று முதல் சில ஆயிரங்களில் பள்ளமும் வெட்டினார்கள். சில சிலிண்டர்கள் வெடித்தன என்றும், அதனால்தான் கோல்ட் பழையபடி கப்பற்படம் போட்ட வெறும் உருளைக்கே திரும்பியது என்றும் துப்பாக்கி வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1873 வரை செய்த சுமார் 2,00,000-ல் பள்ளம் உள்ளவை மிகக் குறைவு. இன்றைக்கு அதிக விலை எதற்குத் தெரியுமா? கைவிடப்பட்ட அந்தப் பள்ள சிலிண்டருக்குத்தான்! அபூர்வம் என்பதற்காக ஒன்று உசத்தியாகிவிடுமா?

இன்னொரு வேடிக்கை. 1873-ல் வந்த சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியில் பள்ளம் முன்பக்கம் மட்டும். அழுத்தம் அதிகமாக வரும் பின்பக்கம் முழு உலோகம். இது காரணம் உள்ள பள்ளம். பிறகு, தயாரிப்பு நின்றுபோன 1878 மாடலின் மிச்ச சிலிண்டர்களை வீணாக்காமல் 1910-களில் இதே ரிவால்வரில் மாட்டி விற்றார்கள். அவற்றில் பள்ளம் நீளமாக இருக்கும். ஸ்டோர் ரூம் மிச்சம், இன்று சேகரிப்பாளர் கையில் பொக்கிஷம்!

1959-ல் ரூகர் கம்பெனி 0.44 மேக்னம் குண்டுக்கு சூப்பர் பிளாக்ஹாக் செய்தபோது பள்ளமே இல்லாத சிலிண்டரைப் போட்டது. பலமான குண்டு கையை உதைக்கும். அங்கே கொஞ்சம் எடை இருப்பது உதவி. வேலை மாறினால் விடையும் மாறும்.

வெறும் உருளைக்கு இன்னொரு நியாயமும் உண்டு. வெறும் உருளையைப் பள்ள உருளையாக்க ஒரு மில்லிங் மெஷின் போதும், ஏமாற்றுக்காரனுக்குச் சுலபம். திருப்பிச் செய்ய முடியாது. தேயாமல் மிஞ்சியிருக்கும் கப்பற்படமும், உடலோடு ஒத்துப்போகும் சிலிண்டர் நம்பரும் அந்தப் பொருள் பொய் சொல்லவில்லை என்பதற்குச் சாட்சி.

இதெல்லாம் எனக்கு எதற்கு என்கிறீர்களா? எங்கள் பிராஜெக்ட் கையால் சுற்றும் கடலை உடைக்கும் மெஷின். ஃப்ளைவீல் தயாரானதும் என் கூட்டாளி, "ஓரத்துல ஆறு ஓட்டை போடுடா, ஷோவா இருக்கும்" என்றான். வேண்டாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவன் கோபித்துக்கொள்வானே என்று நானே டிரில் போட்டேன். சிலிண்டருக்கு விளிம்பு எடை பாரம். ஃப்ளைவீலுக்கு அதுதான் உயிர். டெமோ அன்று கைப்பிடி விட்டு விட்டு இழுத்தது. "இந்த ஓட்டை எதுக்குப்பா?" என்று எக்ஸாமினர் கேட்டார். கூட்டாளி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். "அழகுக்கு சார்" என்றேன். மார்க் போனது மட்டுமில்லை, அன்று முழுக்க நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

நண்பர்களே, நாளை ஏதோ ஒரு தொழிற்சாலையில் டிராயிங் நம் கைக்கு வரும். கட்டரை இறக்கும் முன் "இது எதுக்கு சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்டால் திட்டுவார்கள், அவ்வளவுதான். எடுத்த உலோகத்தை எந்த வாத்தியாராலும் திரும்ப ஒட்ட முடியாது.

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை