பிடுங்குவதற்குப் பெயர் எளிமை அல்ல

கணினியிலோ கைப்பேசியிலோ கைக்குப் பழகிய ஒரு வசதி காணாமல் போகும்போதெல்லாம் நமக்குக் கிடைக்கிற பதில் ஒன்றுதான். "இப்போது எளிமையாகிவிட்டது, கொஞ்ச நாளில் பழகிவிடும்." மறுத்துக் கேட்கிறவர் மாற்றத்துக்கு அஞ்சுகிற பழமைவாதி ஆகிவிடுகிறார். மென்பொருள் எழுதுகிறவர்கள் இதை நம்புவதில் வியப்பில்லை. அதனால் அவதிப்படுகிறவர்களும் நம்புகிறார்களே, அதுதான் வேதனை. "எனக்குத்தான் வயதாகிவிட்டது போலிருக்கிறது" என்று தன்னையே நொந்துகொள்கிறவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். குற்றம் அவர்கள் மேல் இல்லை.

குறைவே அழகு என்று வாதிடுகிறவர்கள் டென்மார்க்கைக் கைகாட்டுவது வழக்கம். டேனிஷ் நாற்காலியையும் டேனிஷ் விளக்கையும் பாருங்கள், வேண்டாதது ஒன்றுகூட இல்லை என்பார்கள். சரி, அந்த நாட்டுக்காரர்கள் கணினியைப் பற்றி என்ன சொன்னார்கள் என்றும் பார்ப்போம். கோபன்ஹேகனில் பிறந்த ஜேக்கப் நீல்சன், சக டேனிஷ்காரரான ரோல்ஃப் மோலிச்சுடன் சேர்ந்து 1990-இல் வகுத்து, 1994-இல் செப்பனிட்ட பத்து நெறிகள்தான் திரை வடிவமைக்கப் படிக்கிறவர்களுக்கு இன்றும் பாலபாடம். அவற்றில் எட்டாவது, தேவையற்றதைத் திரையில் கொட்டாதே என்கிறது. ஏழாவது நெறியோ, அனுபவசாலிக்குக் குறுக்குவழி கொடு, அடிக்கடி செய்கிற வேலையைத் தன் வசதிக்கேற்ப அவர் மாற்றிக்கொள்ள விடு என்கிறது. எட்டாவதைக் காட்டி ஏழாவதை வெட்டுவதுதான் இன்றைய தொழிலின் வழக்கம். இரண்டும் மோதுகிற நெறிகளே அல்ல. ஒரு வசதியை முகப்பிலிருந்து எடுத்து அமைப்புகளுக்குள் வைத்தால் முகப்பு சுத்தமாகிவிடும். அதை அடியோடு அழிக்க வேண்டிய அவசியம் எங்கே வந்தது?

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது ஸ்டார்ட் பட்டனை எடுத்துவிட்டார்கள். அனுபவமுள்ள 12 பேரை அதன் முன் உட்காரவைத்துப் பார்த்த நீல்சன், இது புதியவருக்கும் உதவவில்லை, பழகியவருக்கும் உதவவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். அடுத்த ஆண்டே விண்டோஸ் 8.1-இல் பட்டன் திரும்பி வந்தது. பாடம் கற்றார்களா? 1995 முதல் டாஸ்க்பாரைத் திரையின் எந்த ஓரத்துக்கு வேண்டுமானாலும் நகர்த்த முடிந்தது. 2021-இல் விண்டோஸ் 11 வந்தபோது அந்த வசதி இல்லை, டாஸ்க்பார் கீழேதான். கேட்டவர்களுக்கு, அதைப் பயன்படுத்துகிறவர்கள் சிலரே என்று பதில் வந்தது. திறந்திருக்கும் ஒவ்வொரு சாளரத்தின் பெயரையும் டாஸ்க்பாரில் தனித்தனியாகக் காட்டுகிற வசதியும் அப்போதே போயிற்று. அதை 2023-இல் திருப்பிக் கொடுத்தார்கள். மக்களுக்குப் பழகிப்போயிருந்தால் ஏன் திருப்பிக் கொடுக்க வேண்டும்?

'சிலர்தான்' என்கிற அந்தக் கணக்கைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. சிலர் என்றால் யார்? ஒரு கை மட்டும் இயங்குகிறவராக இருக்கலாம், பார்வை மங்கியவராக இருக்கலாம், நாளெல்லாம் கணக்கு எழுதிப் பிழைக்கிறவராக இருக்கலாம். ஒரு வசதியை எத்தனை பேர் தொட்டார்கள் என்று கணினி எண்ணித் தரும். அது இல்லாவிட்டால் யாருடைய வேலை நின்றுபோகும் என்று எண்ணித் தராது. ஆண்டுக்கு ஒருமுறை வரிக்கணக்கு முடிக்கும்போது மட்டும் தேவைப்படுகிற பட்டன் அந்தக் கணக்கில் எப்போதும் தோற்கும்.

இன்னொன்றும் உண்டு. மொழி முழுதும் வசப்படாதவர்கள் திரையை வாசிப்பதில்லை, இடத்தை நினைவில் வைத்திருக்கிறார்கள். எண்பதுகளில் அகதிகளாக டென்மார்க் போய் ஹெர்னிங் போன்ற ஊர்களில் குடியேறிய ஈழத்தமிழர்களில் முதல் தலைமுறைக்கு இன்று முதுமை வந்துவிட்டது. அங்கே 2014 நவம்பர் முதல் 15 வயது நிரம்பிய எல்லோருக்கும் அரசுக் கடிதங்கள் மின்னணு அஞ்சல் பெட்டிக்குத்தான் வருகின்றன. விலக்கு வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். டேனிஷ் மொழியைத் தட்டுத்தடுமாறிக் கற்ற ஒரு பெரியவருக்கு 'மேலே வலப்பக்கம், இரண்டாவது பட்டன்' என்பதுதான் வழிகாட்டி. பட்டன் இடம் மாறினால் அவருக்குத் தெருவே மாறிவிடுகிறது. பிள்ளைகளைக் கூப்பிட வேண்டும்; நேற்றுவரை தானே செய்த வேலைக்கு இன்று பிறர் கையை எதிர்பார்க்க வேண்டும். இதை எளிமை என்று சொல்ல மனம் வருமா?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பழைய தட்டச்சில் பயின்ற விரல் ஒரு பக்கம், ஈழத்தவரின் பாமினி விசைப்பலகை ஒரு பக்கம், ஆங்கில ஒலிப்பு முறை ஒரு பக்கம், தமிழ்99 ஒரு பக்கம். என்எச்எம் ரைட்டர் இவை அத்தனையையும் ஒரே சிறு மென்பொருளில் வைத்தது. 'தமிழ்99-தான் அறிவியல்பூர்வமானது, மற்றவற்றை எடுத்துவிட்டோம், பழகிக்கொள்ளுங்கள்' என்று அதைச் செய்தவர்கள் சொல்லியிருந்தால், கணினியில் தமிழ் எழுதாமலே போயிருக்கக்கூடியவர்கள் நம்மில் எத்தனை பேர்! பழக்கம் என்பது சோம்பல் அல்ல. ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த திறமை அது.

நீக்கவே கூடாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வங்கிக்கும் அரசு சேவைக்கும் இணையத்தில் நுழைய டென்மார்க்கில் 2010-இல் வந்த நெம்ஐடி என்ற அடையாள முறைக்கு ஒரு காகித அட்டை இருந்தது. 148 எண் ஜோடிகள் அச்சிட்டு மடித்த சின்ன அட்டை. திரை நான்கு இலக்க எண் ஒன்றைக் காட்டும். அட்டையில் அதைத் தேடி, பக்கத்தில் இருக்கும் ஆறு இலக்கத்தைத் தட்ட வேண்டும். எண்கள் தீரும் தறுவாயில் புது அட்டை தபாலில் தானே வரும். கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள் என்பதால் பெரியவர்களுக்குப் பிடித்துப்போனது. ஆனால் அட்டையைப் படம்பிடித்து அனுப்பச் சொல்லி மோசடிக்காரர்கள் ஏமாற்ற முடிந்தது. 2021 அக்டோபரில் அதற்கு மாற்றாக மிட்ஐடி வந்தது, 2023-இல் நெம்ஐடி மூடப்பட்டது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் இரண்டும் ஓடின. ஸ்மார்ட்போன் இல்லாதவருக்குக் குறியீடு காட்டும் சிறு கருவியும், பார்வைக் குறையுள்ளவருக்கு அதை ஒலியாகச் சொல்லும் கருவியும் இலவசமாகக் கிடைத்தன. அப்படியும் பெரியவர்கள் பலர் திணறத்தான் செய்தார்கள். ஆனாலும் காரணம் சொன்னார்கள், கெடு சொன்னார்கள், மாற்று கொடுத்தார்கள். இரவோடு இரவாக ஒரு அப்டேட்டில் வசதியைப் பறித்துவிட்டு, காலையில் 'புதிய அனுபவம்' என்று வரவேற்கிற நிறுவனங்கள் இதில் ஒன்றையாவது செய்கின்றனவா?

பழையதையும் காப்பாற்றினால் செலவு கூடும், புதியது வளராது என்பது அவர்களின் அடுத்த வாதம். செலவு கூடும் என்பது உண்மை. ஒவ்வொரு தேர்வும் கூடுதல் சோதனை, கூடுதல் பிழை. வளராது என்பது பொய். டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரின் லெகோ 1958-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த விளையாட்டுக் கட்டையோடு இன்று வாங்குகிற கட்டை பொருந்துகிறது. அந்த நிறுவனம் வளராமலா போயிற்று? 2025-இல் டென்மார்க்கின் டிஜிட்டல் அமைச்சகம் மைக்ரோசாஃப்ட் ஆபீஸை விட்டு லிப்ரெஆபீஸுக்கு மாறப்போவதாக அறிவித்தது. அவர்களின் காரணம் வேறு, அந்நிய நிறுவனங்களைச் சார்ந்திருப்பது பற்றிய கவலை. ஆனால் அந்த மென்பொருளில் பழைய மெனுவும் உண்டு, ரிப்பன் போன்ற தாவல்களும் உண்டு. எது வேண்டும் என்று பயனரே தேர்ந்துகொள்ளலாம். 2007-இல் மைக்ரோசாஃப்ட் தன் மெனுக்களை ரிப்பனுக்காக எடுத்தபோது இப்படி ஒரு தேர்வைத் தரவில்லை. தன்னார்வலர்களின் உழைப்பை நம்பியும் நடக்கிற ஒரு மென்பொருளால் முடிவது, உலகின் பெரும் பணக்கார நிறுவனத்தால் முடியாதா?

இந்த விவாதத்தில் எல்லோரும் மறந்துவிட்ட ஒரு வேலை உண்டு. 1981-இல் தொடங்கிய 'உட்டோபியா' திட்டத்தில் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களும் ஸ்வீடன் ஆய்வாளர்களும் நோர்டிக் நாடுகளின் அச்சுத் தொழிலாளர் சங்கத்தோடு கைகோத்தார்கள். செய்தித்தாள் பக்கம் கட்டுகிற வேலை கணினிக்குப் போகப்போகிறது. அந்தக் கணினி எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. அச்சுக்கோப்பவர்களையே அழைத்து உட்காரவைத்தார்கள். வேண்டிய கருவிகள் அப்போது கைக்கு எட்டாதவை. அதனால் ஒட்டுப்பலகையிலும் அட்டையிலும் போலித் திரைகள் செய்தார்கள். ஒரு வெற்று அட்டைப்பெட்டியின் மேல் 'லேசர் பிரிண்டர்' என்று எழுதி மேசையில் வைத்தார்கள். தொழிலாளி தன் வழக்கப்படி பக்கத்தைக் கட்டிக் காட்டினார். கை எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது என்று எல்லோரும் கூடிப் பார்த்து வடிவத்தைத் திருத்தினார்கள். அங்கே பழகிய கைதான் ஆசான். வேலை தெரிந்தவருக்குத்தான் கருவியின் அருமை தெரியும் என்ற மரியாதை அந்த அட்டைப்பெட்டிகளுக்குள் இருந்தது.

இன்று மென்பொருளின் கணிசமான பகுதி சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் எழுதப்படுகிறது. எழுதுகிறவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு வசதியை நீக்கச் சொல்லி உத்தரவு வந்தால், அதை நாள்தோறும் பயன்படுத்துகிற பத்துப் பேரை அழைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பிறகும் நீக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், காரணத்தை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், மாற்றையும் கையில் கொடுங்கள். அதுவரை அந்த பட்டன் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.