அண்ணனின் கராஜில் ஏப்ரல் மாதம்



ஏப்ரல் நெருங்கினால் எங்கள் வட்டவளையில் அண்ணனின் கராஜுக்குத் தூக்கம் கிடையாது. மற்ற மாதங்களில் திரீவீலர், வேன், கொழுந்து லொறி என்று வேலை நடக்கும். சித்திரைக்கு முன்னர் மட்டும் இரண்டொரு பழைய கார்கள் வந்து நிற்கும். நுவரெலியாப் பக்கத்துப் பந்தயங்களுக்குப் போகிற கார்கள். அண்ணனும் மருமகனும் பின் சீட்டைக் கழற்றிப் பாரத்தைக் குறைப்பார்கள், பிளக் மாற்றுவார்கள், பிரேக்கைப் பிரித்துப் பூட்டுவார்கள். ஓட்டுவது வசதியுள்ளவர்கள். இவர்களுக்குக் கிடைப்பது கூலி மட்டும்தான்.

நுவரெலியாவின் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. தலவாக்கலைக்கு அப்பால் ரதல்லவிலும் அப்படியொன்று உண்டு. பல கார்கள் ஒன்றையொன்று முந்தி ஓடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒரு தடவைக்கு ஒரு கார்தான் மேட்டில் ஏறும். குறைந்த நேரத்தில் ஏறியவருக்கு வெற்றி. செக்கனில் ஒரு பங்கு போதும், முடிவு மாறிவிடும். கொழுந்துக் கூடையோடு இந்த மேடுகளில் ஏறியவர்களின் நேரத்தை யாரும் அளந்ததில்லை, அது வேறு கதை.

இதை எழுதுவதற்குக் காரணம் என் மகள். 2009இல் அவள் அப்பாவை இழந்தபோது கைக்குழந்தை. செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியேறி, வேறு போக்கிடமின்றி அண்ணன் வீட்டுக்கு வந்தோம். முதல் ஏப்ரலில், சைலன்சர் கழற்றிய கார் ஒன்று ‘டமார்’ என்று வெடித்தது. நான் பிள்ளையை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விட்டேன். அன்றிலிருந்து எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுமுன், “தங்கச்சி, சத்தம் வரப்போகுது” என்று அண்ணன் குரல் கொடுப்பார். இன்றும் கொடுக்கிறார். உங்களில் பலருக்கு இது விளங்கும்.

மகளோ அந்தச் சத்தத்துக்குள்ளேயே வளர்ந்தாள். இப்போது 18 வயது. மாமாவிடம் வேலை பழக வேண்டுமாம். ஒரு நாள் ரதல்லவில் ஓட்டவும் வேண்டுமாம்!

நான் மறுத்தேன். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் பாதையை விட்டுப் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். அதில் ஒரு சிறுமியும் இருந்தாள். இருந்ததையெல்லாம் இழந்து மிச்சமாக ஒரு பிள்ளை. அவளையும் அனுப்பவா?

அண்ணன் சண்டை பிடிக்கவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது கோயம்புத்தூர் கதையைச் சொன்னார். ஜி.ஆர். கார்த்திகேயன் ராலி ஓட்டியவர். அவர் மகன் நரேன், 2005இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர். “அவங்க ஆம்பிளைங்க” என்றேன். சென்னையில் ஆர்.ஏ. அப்துல்லா என்ற மோட்டார் சைக்கிள் பந்தய வீரரின் மகள் அலிஷா, சின்ன வயதிலேயே கோ-கார்ட் ஓட்டத் தொடங்கி, பிறகு ஆண்களோடு சரிக்குச் சரியாகப் போட்டியிட்டதைச் சொன்னார்.

“எல்லாருக்கும் அப்பா இருந்தாங்க அண்ணே” என்றேன். கேட்ட பிறகுதான் மகளும் பக்கத்தில் இருப்பது நினைவு வந்தது.

அண்ணன் கையைக் கழுவிக்கொண்டே, “மாமன் நான் இருக்கேன்ல?” என்றார்.

பிறகு ஒரு ஒப்பந்தம் செய்தோம். முதல் 6 மாதம் பிரேக் வேலை மட்டும். ஏறுகிற வண்டி இறங்கவும் வேண்டும், அதிலும் வட்டவளை மழைக்குள். அக்கம்பக்கத்தில் பேச்சு எழுந்தது. பொம்பளைப் பிள்ளையின் நகத்தில் கிரீஸ் என்றார்கள். அவள் மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு மறுநாளும் போனாள். மருமகன்தான் கொஞ்சம் முகம் சுளித்தான். இப்போது அவனே ஸ்பானரை நீட்டுகிறான்.

போன வாரம் அவள் தனியாகப் பூட்டிய பிரேக்குடன் ஒரு திரீவீலர். அண்ணன் ஓட்ட, நான் பின்னால். கினிகத்தேனைப் பக்கத்து இறக்கம், நல்ல மழை. அண்ணன் பிரேக்கை மிதித்தார். நின்றது.

ரதல்ல விடயத்தில் நான் இன்னும் சம்மதம் சொல்லவில்லை.