தலையெழுத்தா, கையெழுத்தா?

உலகப் போரின் திருப்புமுனைகள் எவை? மாணவனைக் கேளுங்கள், மடமடவென ஒப்பிப்பான். 1938, மியூனிக் ஒப்பந்தம். 1939, போலந்துப் படையெடுப்பு. 1943, ஸ்டாலின்கிராடில் இட்லரின் படை சரணடைதல். 1945, இரோசிமா. மனப்பாடம் செய்தான், மதிப்பெண் பெற்றான். ஆனால் அந்தப் பட்டியலில் அவனுடைய பாட்டன் எங்கே? பாட்டி எங்கே? நீலமலையின் மஞ்சூரில் வரலாறு கற்பிக்கும் நாம் கேட்கிறோம்.

மன்னர்களுக்கும் மார்ஷல்களுக்கும் மட்டுந்தானா திருப்புமுனை? மண்வெட்டி பிடித்தவனுக்கு இல்லையா?

போருக்கு முன்பே தமிழன் கடல் கடந்தான். மலேயாவில் ரப்பர்ப் பால் வடித்தான். இலங்கையில் தேயிலைக் கொழுந்து கிள்ளினான். துரைக்கு இலாபம், கங்காணிக்குத் தரகு, இவனுக்குக் கடன்! 1939 செப்டம்பர் 3-இல், இந்தியாவும் போரில் இறங்கிவிட்டது என்று வைசிராய் லின்லித்கோ அறிவித்தார். மக்களின் பிரதிநிதிகளைக் கேட்டாரா? இல்லை. ஒருவர் வாய் திறந்தார். கோடிக்கணக்கானோர் போருக்குள் தள்ளப்பட்டனர்.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. காத்து நிற்போம் என்ற வெள்ளையன் கைதியானான். தோட்டத் தமிழன் திக்கற்றவனானான். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போட ஜப்பானியருக்கு ஆள் தேவைப்பட்டது. ஆசை காட்டியும் அடித்து இழுத்தும் மலேயாத் தமிழரைக் காட்டுக்குள் கொண்டு சென்றனர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைத் தின்றன. அங்கே மாண்ட போர்க்கைதிகள் ஏறத்தாழ 13,000 பேர். மாண்ட ஆசியத் தொழிலாளரோ 80,000 முதல் 1,00,000 வரை என்பது மதிப்பீடு. கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் கல்லறை உண்டு, கல்லில் பெயரும் உண்டு. தமிழனுக்கோ மதிப்பீடு மட்டுமே மிச்சம்!

மலேயா பறிபோனதும் நேச நாடுகள் ரப்பருக்கு இலங்கையையே பெரிதும் நம்பின. ரப்பர் மரத்தைக் கீறிய கைகளில் தமிழன் கைகள் எத்தனை! போர் முடிந்தது. 1947 தேர்தலில் வாக்களித்த அந்தத் தோட்டத் தமிழர், 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்! சரக்கைப் பங்கிடுவோர் சரக்கிடம் சம்மதம் கேட்பதுண்டா? அப்படி வந்தவர்களுக்காகத்தான் 1968-இல் நீலமலையில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. இங்கும் அவர்களுக்கு "சிலோன்காரர்" என்றே பெயர். அங்கே இந்தியன், இங்கே சிலோன்காரன். எங்கேதான் அவன் மனிதன்?

"எல்லாம் விதி, முற்பிறவிப் பாவம்" என்பார் உண்டு. இத்தனை இலட்சம் பேரும் ஒரே பிறவியில் ஒரே பாவத்தைக் கூடிச் செய்தனரோ? செய்தவர்களைத் தேடிப் பிடித்துத் தோட்டத்து லயங்களில் மட்டும் விதி குடியேற்றியதோ? தலையெழுத்தன்று, தோழர்களே, ஆள்வோரின் கையெழுத்து! அதற்கு நாள் உண்டு, இடம் உண்டு, போட்டவர் பெயரும் உண்டு.

சான்று நம் மலையிலேயே இருக்கிறது. 1950 சனவரியில் காமன்வெல்த் அமைச்சர்கள் கொழும்பில் கூடினர். அங்கே பிறந்த கொழும்புத் திட்டத்தின்படி கனடா தந்த உதவியால் குந்தா மின்திட்டம் எழுந்தது. 1960-இல் மின்சாரம் பாய்ந்தது. உரிமையைப் பறித்த சட்டமும் கொழும்பில். ஒளி தந்த திட்டத்தின் தொடக்கமும் கொழும்பில். அணை விதியால் எழவில்லை என்பதை ஒப்புகிறவர், அகதி மட்டும் விதியால் வந்தான் என்பது எந்த அறிவு?

பழங்கதை ஏன் என்று கேட்கலாம். விதியென நம்புகிறவன் விம்முவான். கையெழுத்தென அறிந்தவன் கணக்குக் கேட்பான். அடுத்த ஒப்பந்தத்தில் தன்னை ஓர் எண்ணாக எழுத விடமாட்டான். ஆகவே இளைஞர்களே, லயங்களுக்குச் செல்லுங்கள். முதியவர் வாய்மொழியைப் பெயரோடும் ஆண்டோடும் எழுதி வாருங்கள். பாடநூல் விட்டுவைத்த வெற்றிடத்தை அந்த ஏடுகளால் நிரப்புவோம்!